91 மாடல் எம்.எம்.540 போடிமெட்டு ஏத்தத்துல கொதிக்குது: அலுமினிய ரேடியேட்டரா, கரண்ட் ஃபேனா?

போடிக்காரன்_540

அண்ணன்மாருக்கு வணக்கம். ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஏலத் தோட்டத்துல இருந்து 91 மாடல் மஹிந்திரா எம்.எம்.540 எடுத்தேன். 2112 சிசி பெஜோ டீசல், எக்ஸ்.டி.பி. எஞ்சின். ஃபோர் வீல் கியர் நல்லா விழுது. பாடி அங்கங்க பொத்தல், அது பரவாயில்ல. தேனி வரைக்கும் தரையில ஓட்டிட்டு வந்தா டெம்பரேச்சர் முள்ளு பாதிக்குக் கீழயே நிக்கும்.

வம்பெல்லாம் மலையில. முந்தல் தாண்டி போடிமெட்டுக்கு ஏறினா மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவு. நாலு ஆளு, பின்னாடி ரெண்டு மூட்டை வச்சு ஏறினா ஒன்பதாவது வளைவுலயே முள்ளு சிவப்பைத் தொட்டுருது. போன சனிக்கிழமை கூட்டாளிகளோட சூரியநெல்லி வழியா கொழுக்குமலை போகக் கிளம்பி, பாதி மலையில ரேடியேட்டர் மூடி ஓரமா சீறி, குடிக்க வச்சிருந்த தண்ணி பாட்டில் பூராத்தையும் அதுக்கே ஊத்திட்டுத் திரும்பி வந்தோம். அந்தப் பக்கம் டூரிஸ்ட் ஏத்துற ஜீப்புக்காரங்க எங்களைப் பாத்துச் சிரிச்சதுதான் தாங்கல.

தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகிற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) முன்னாடி ஓனரே கழட்டிட்டாராம். உள்ள வெறும் தண்ணி. ரெண்டு யோசனை வச்சிருக்கேன். ஒண்ணு, இருக்கிற செம்பு ரேடியேட்டரைத் தூக்கிட்டு அலுமினியம் போடுறது. ரெண்டு, பெல்ட் ஃபேனை எடுத்துட்டு 16 இஞ்ச் கரண்ட் ஃபேன். எதை முதல்ல செய்யலாம்?

ஹைவே மச்சான்

தம்பி, ரெண்டும் வேணாம். தெர்மோஸ்டாட் ஏற்கெனவே இல்ல, பாதி வேலை முடிஞ்சுது. மூடியை மட்டும் மாத்து. நான் இருபது வருஷமா பச்சைத் தண்ணியிலதான் ஓட்டுறேன். கூலன்ட் எல்லாம் ஷோரூம்காரன் பிழைப்பு.

டீசல் தாத்தா

தம்பி போடிக்காரா, சாமான் வாங்குறதுக்கு முன்னாடி நாலு கேள்விக்குப் பதில் சொல்லு.

தரையில வேகமா ஓடும்போது சூடு ஏறலை, மலையில மெதுவா இழுக்கும்போது ஏறுது. அப்படின்னா காத்து பத்தலைன்னு அர்த்தம் வச்சுக்கலாம். அறுபது கிலோமீட்டர் வேகத்துல வண்டியே காத்துக்குள்ள போகுது, ஃபேன் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணு. ஃபர்ஸ்ட் கியர்ல பத்து கிலோமீட்டர்ல ஏறும்போது ஃபேன் இழுக்கிற காத்துதான் காத்து. இதுவே தலைகீழா, ஹைவேயில சூடேறி ஊருக்குள்ள சரியாகுதுன்னா கோர், அதாவது ரேடியேட்டர் நடுவுல இருக்கிற குழாய் வலை, அடைப்புன்னு சொல்லியிருப்பேன்.

இப்போ கேள்வி. ஃபேனைச் சுத்தி தகரக் கூடு இருக்கா? பெல்ட்டைக் கட்டை விரலால அழுத்தினா எவ்வளவு இறங்குது? காலையில ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணின அடுத்த நிமிஷமே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுதா? மூடியைத் திறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணினா தண்ணிக்குள்ள விடாம குமிழி வருதா? கடைசி ரெண்டுக்கும் ஆமான்னா எஞ்சின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற ஹெட் கேஸ்கட் போச்சுன்னு அர்த்தம். அப்புறம் நீ தங்கத்துல ரேடியேட்டர் போட்டாலும் கொதிக்கும்.

மச்சானுக்கு ஒரு வார்த்தை: இந்த பெஜோ எஞ்சின் வெட் லைனர், லைனர்னா பிஸ்டன் ஓடுற சிலிண்டர் உறை. தண்ணி நேரா லைனர் மேலேயே படும். டீசல் அடிக்கிற அதிர்வுல லைனர் வெளிப்பக்கம் நுண்ணுசா குமிழி வெடிச்சு வெடிச்சு ஊசி குத்தின மாதிரி குழி விழும். அதைத் தடுக்கிற மருந்து கூலன்ட்லதான் இருக்கு, பச்சைத் தண்ணியில இல்ல. நான் கழட்டின லைனர்ல ஒண்ணை மேசையில பேப்பர் வெயிட்டா வச்சிருக்கேன். வெளிப்பக்கம் பாத்தா அம்மைத் தழும்பு முகம் மாதிரி இருக்கும்.

போடிக்காரன்_540

தாத்தா, இப்பதான் பானட்டைத் திறந்து பாத்துட்டு வர்றேன். ஃபேனைச் சுத்திக் கூடே இல்ல! ரேடியேட்டர் ஓரத்துல நாலு போல்ட் ஓட்டை மட்டும் துருப்பிடிச்சுக் கிடக்கு. எப்பவோ எடுத்து எறிஞ்சிருக்காங்க. ஃபேனுக்கும் கோருக்கும் நடுவுல என் நாலு விரல் தாராளமாப் போகுது. பெல்ட் அரை இஞ்ச் இறங்குது. ஹோஸ் இறுகலை, குமிழியும் இல்ல.

கோர்க்கடை கோவை

அந்தக் கூடு இல்லாதது ஒண்ணே போதுங்க உங்க வண்டி கொதிக்க. ஃபேன் சும்மா சுத்தினா முன்னாடி கோர்ல இருந்து காத்தை இழுக்காதுங்க. எது சுலபமோ அதைத்தான் இழுக்கும். பக்கவாட்டுல இருக்கிற எஞ்சின் சூட்டுக் காத்தையே எடுத்து எடுத்துச் சுத்தும். கோர்ல ஃபேனுக்கு நேரா இருக்கிற வட்டம் மட்டும் வேலை செய்யும், நாலு மூலையும் சும்மா நிக்கும்.

எங்க அப்பா காலத்துல இருந்து ரேடியேட்டர் கடைங்க, அதனால அலுமினியம் பத்தி ஒண்ணு சொல்லிர்றேன். செம்பு அலுமினியத்தை விட நல்லாச் சூடு கடத்தும், அதுல சந்தேகமே இல்லீங்க. ஆனா பழைய செம்பு ரேடியேட்டர்ல குழாயையும் ஃபின்னையும் (குழாய்களுக்கு நடுவுல இருக்கிற மெல்லிசு தகடு) ஒட்டுறது ஈயப் பத்து, அதாவது சால்டர்தான். ஈயம் சூடு கடத்துறதுல ரொம்ப மந்தம். முப்பது வருஷத்துல அந்தப் பத்து விட்டுப்போய் ஃபின் குழாயைத் தொடாம சும்மா தொங்கும். வெளியிருந்து பாத்தா ரேடியேட்டர் அம்சமா இருக்கும், விரலால தள்ளினா ஃபின் ஆடும். உங்களுது ஆடுதான்னு பாருங்க.

அலுமினியத்துல அகலக் குழாய் வச்சு அடுப்புல ஒட்டுறாங்க, எடையும் குறைவு. தப்பே சொல்ல மாட்டேன். ஆனா மலையில கல்லடிச்சு ஒரு குழாய் ஓட்டையானா செம்பை எந்த ஊர்ப் பட்டறையிலயும் ஊதி ஈயம் வச்சுரலாம். அலுமினியத்துக்கு ஆள் தேடணும். மண் ரோட்டுல குலுங்குற வண்டிக்கு, மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் உங்க பழைய பித்தளையே இருக்கட்டும், நடுவுல கோர் மட்டும் புதுசு போட்டா மவுண்டிங் பிரச்சினையே வராதுங்க.

அளவுகோல்

கரண்ட் ஃபேன் யோசனைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 இஞ்ச் ஃபேன் நல்லதா இருந்தா 20 முதல் 25 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைவிட அதிகம். ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து ஒன்பது, பத்து. மழையில் வைப்பர். மலையில் மெதுவாக ஏறும்போது எஞ்சின் சுற்றும் குறைவு, ஆல்டர்னேட்டர் தருவதும் குறைவு. 91 மாடல் ஆல்டர்னேட்டரால் இதைத் தாங்க முடியாது; ராத்திரி இறங்கும்போது பேட்டரி படுத்துவிடும். கரண்ட் ஃபேன் வேண்டுமென்றால் ஆல்டர்னேட்டர், ரிலே, தடித்த வயர், தெர்மோ ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்ததுதான் விலை.

இன்னொன்று. "தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடும், ஆற நேரம் கிடைக்காது" என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது தவறு. வேகமாக ஓடினால் வெப்பம் அதிகமாகத்தான் கைமாறும். அதே தண்ணீர்தானே திரும்பத் திரும்ப வருகிறது. தெர்மோஸ்டாட்டை எடுப்பதில் உள்ள கெடுதல் வேறு. பைபாஸ் வழியைத் தெர்மோஸ்டாட்டே மூடும் அமைப்புள்ள எஞ்சினில் அதை எடுத்துவிட்டால், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்குவழியில் பம்புக்குத் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்க எடுத்தது சூட்டை ஏற்றும். மற்ற நேரத்தில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, லைனர் தேயும், ஆயிலில் டீசல் கலக்கும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கி, மாட்டும் முன் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அது திறக்கிறதா என்று பாருங்கள்.

ஹைவே மச்சான்

சரி சரி, எல்லாரும் சேந்து அடிக்காதீங்க. என் வண்டி சென்னையில ஓடுது, மலை ஏறல. ஆனா மூடி மேட்டர்ல நான் சொன்னது ரைட்டா தப்பா?

அளவுகோல்

பாதி ரைட். ஆயிரம் அடி ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். போடிமெட்டு நாலாயிரத்து ஐந்நூறு அடி சுமார், அங்கே திறந்த பாத்திரத்தில் 95, 96 டிகிரியிலேயே கொதிக்கும். கொழுக்குமலையில் இன்னும் கீழே. மூடி 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் பிடித்தால் போடிமெட்டில் 108 வரை தாங்கும், 13 பிடித்தால் 116 பக்கம். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் மேலும் ஏழெட்டு டிகிரி. ஆக, மூடியின் ரப்பர் செத்திருந்தால் எஞ்சின் மேல் குற்றமே இல்லாமல் கொதிக்கும்.

ஆனால் மூடி சூட்டைக் குறைக்காது. கொதிப்பதைத்தான் தள்ளிப்போடும். பழைய ஈயப் பத்து ரேடியேட்டரில் திடீரென்று 15 மூடி போட்டால் மேல் தொட்டித் தையல் பிரியும். முதலில் அதே எண்ணில் புது மூடி.

வன்னி_லாண்ட்ரோவர்

வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம். என்னட்டை சீரிஸ் 3 லாண்ட்ரோவர் கிடக்கு. எங்கட இடம் மலை இல்லை, ஆனா வெயிலும் சேறும் தாராளம். ஃபேன் கூடு போடுற தம்பிக்கு ரெண்டு அனுபவம் சொல்லவேணும்.

முதலாவது, நான் கூடு அடிச்சபோது ஃபேன் நுனிக்கும் தகரத்துக்கும் கால் இஞ்ச் விட்டன். வீட்டு வாசல்ல வடிவாச் சுத்திச்சு. வயல் வரம்பில ஒரு சில்லு ஏறி மற்றது இறங்கினவுடன கரகரவெண்டு ஒரு சத்தம், ஃபேன் தகரத்தைத் தின்னத் துவங்கிட்டுது. எஞ்சின் ரப்பர் மவுண்டில ஆடும், ரேடியேட்டர் சேசியோட நிக்கும். ரெண்டும் ஒண்டா ஆடாது. முக்கால் இஞ்சுக்குக் குறைய விடாதேங்கோ, ஒரு இஞ்ச் எண்டால் நல்லம்.

ரெண்டாவது, தண்ணிக்குள்ள இறங்கேக்க. போன மாரியில குளத்து வாய்க்கால் ஒண்டைக் கடக்க இறங்கினன், தண்ணி ஃபேன் மட்டத்துக்கு வந்திட்டுது. ஃபேன் இலைகள் தண்ணியைத் தள்ளேக்க முன்பக்கம் வளைஞ்சு கோரில போய் வட்டமாக் கீறிப் போட்டுது. அண்டைக்கு வீட்டை வந்தது உழவு மெசின் கயித்திலதான். ஆழத்தண்ணி எண்டால் இறங்க முதல் பெல்ட்டைக் கழட்டிப்போட்டு இறங்கிறதுதான் பழைய ஆக்களின்ர வழக்கம்.

டீசல் தாத்தா

வன்னித் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. இன்னொண்ணு சேத்துக்க: ஃபேன் இலை பாதி கூட்டுக்குள்ளயும் பாதி வெளியிலயும் நிக்கணும். முழுசா உள்ள போனா காத்து வெளியேற வழி இல்லாம அங்கேயே உழட்டும்.

கீழ் ஹோஸையும் மறந்துடாதே. பம்ப் அதிலிருந்துதான் இழுக்குது. ஹோஸ் மெத்துனு ஆயிருந்தா, ரேஸ் பண்ணும்போது ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு தண்ணியை மறிச்சிடும். எஞ்சினை நிறுத்தினதும் பழையபடி உருண்டை ஆயிடும், திருடனைப் பிடிக்கவே முடியாது. உள்ள கம்பிச் சுருள் வச்ச ஹோஸா பாத்து வாங்கு.

போடிக்காரன்_540

பத்து நாள் ஆச்சு, பதில் போடாததுக்கு மன்னிக்கணும். மூணு வேலை பாத்தேன்.

ரேடியேட்டரைக் கழட்டி தொட்டியில முக்கி காத்தடிச்சுப் பாத்தாங்க, லீக் இல்ல. ஆனா கோர்க்கடை அண்ணன் சொன்ன மாதிரி ஃபின் பாதிக்கு மேல ஆடுச்சு. மேல் தொட்டியைப் பிரிச்சப்போ உள்ள பாத்து நானே பயந்துட்டேன். குழாய் வாயெல்லாம் வெள்ளைக் காரை, நடுவுல டீத்தூள் மாதிரி துரு. தோட்டத்துல போர் தண்ணியையே ஊத்தி ஓட்டியிருக்காங்க. ராடு விட்டுச் சுத்தம் பண்ணலாம்னாங்க, நான் வேணாம்னு கோர் புதுசே போடச் சொல்லிட்டேன். பழைய பித்தளைத் தொட்டி ரெண்டும் அப்படியே.

முதல்ல போன ஒரு கடையில மூணு வரிசைக் கோர்னு பேசி ரெண்டு வரிசையைக் காட்டினாங்க. கடை பேர் வேணாம். கோர் வாங்கப் போறவங்க பக்கவாட்டுல எட்டிப் பாத்து வரிசையை எண்ணிட்டுப் பணம் குடுங்க.

அப்புறம் கூடு. அட்டைப் பெட்டியை வெட்டி மாதிரி எடுத்து தகரக் கடையில குடுத்தேன். ஒரு இஞ்ச் இடைவெளி, ஃபேன் பாதி உள்ள. அடுத்து தெர்மோஸ்டாட் 82, ஹோஸ் ரெண்டு, பெல்ட், 7 பி.எஸ்.ஐ. மூடி. கூலன்ட் பாதி, கேன் தண்ணி பாதி.

நேத்து போடிமெட்டு ஏறினேன். அதே நாலு ஆளு. பதினேழு வளைவும் போயாச்சு, முள்ளு முக்காலைத் தாண்டல!! ஆனா மேல போய் நிறுத்தி ஆஃப் பண்ணின அஞ்சாவது நிமிஷம் ஓவர்ஃப்ளோ பைப்ல தண்ணி கொட்டுச்சு. கால் லிட்டர் இருக்கும். இது ஏன்?

டீசல் தாத்தா

சபாஷ். கொட்டினது பெரிய நோய் இல்ல. ஏத்தம் ஏறின எஞ்சினை டப்புனு நிறுத்தினா பம்பும் நிக்கும் ஃபேனும் நிக்கும், ஆனா ஹெட்டுல இருக்கிற சூடு எங்கேயும் போகாது, உள்ள நிக்கிற தண்ணியிலதான் இறங்கும். மேல போனதும் ரெண்டு மூணு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு, முள்ளு இறங்கின பிறகு ஆஃப் பண்ணு.

கோர்க்கடை கோவை

ஒரு பாட்டிலும் வச்சிருங்க. பழைய ஜீப்ல ஓவர்ஃப்ளோ பைப் நேரா ரோட்டுக்குப் போகும். சூட்டுல விரிஞ்ச தண்ணி வெளிய போயிட்டா, ஆறும்போது அந்த இடத்துக்குக் காத்துதான் உள்ள வரும். பாட்டில் இருந்தா தண்ணியைத் திருப்பி உறிஞ்சிக்கும். ஆனா எல்லா மூடிக்கும் ஆகாதுங்க. மூடியைத் திருப்பிப் பாருங்க: நடுவுல சின்னதா ஒரு வால்வு தட்டு இருக்கணும், மேல் விளிம்புலயும் ஒரு ரப்பர் வாஷர் இருக்கணும். அந்த மேல் ரப்பர் இல்லாத மூடியைப் போட்டா பாட்டில் சும்மா அழகுக்குத்தான். பைப் முனை பாட்டில் அடிவரை, தண்ணிக்குள்ள முங்கி இருக்கட்டும்.

அளவுகோல்

முக்கால் என்பது எத்தனை டிகிரி? முப்பது வருட மீட்டரை நம்பாதீர்கள். சென்சார் எர்த் சரியில்லாவிட்டால் முள் இஷ்டத்துக்குக் காட்டும். இன்ஃப்ராரெட் வெப்பமானி துப்பாக்கி ஒன்று இரவல் வாங்குங்கள். பளபளப்பான பித்தளையில் நேரடியாக அடித்தால் குறைவாகக் காட்டும், கருப்புப் பெயின்ட் உள்ள இடத்தில் அடியுங்கள். மேல் தொட்டி, கீழ்த் தொட்டி இரண்டையும் எழுதி வையுங்கள்.

பெட்ரோல் பிரியன்

டீசலை எறிஞ்சுட்டு பெட்ரோல் எஞ்சின் போடுங்க ப்ரோ, கதை முடிஞ்சுது.

டீசல் தாத்தா

வாங்கய்யா, நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

போடிக்காரன்_540

பாட்டில் வச்சாச்சு. மூடி கோர்க்கடை அண்ணன் சொன்ன மாதிரி தேடினேன், மூணாவது கடையில கிடைச்சுது. அதே 7 பி.எஸ்.ஐ.தான், 13 போடல.

போன ஞாயிறு சூரியநெல்லி வழியா கொழுக்குமலை மேல வரைக்கும் போய் வந்தாச்சு. துப்பாக்கியும் கையில. போடிமெட்டு பதினேழாவது வளைவுல மேல் தொட்டி 91, கீழ 83. கொழுக்குமலைக் கல்லுப் பாதையில முதல்ல ஃபோர் ஹையில (நாலு சக்கரமும் இழுக்கும், ஆனா லோ கியர் இல்லாம) ஃபர்ஸ்ட் கியர்ல உந்தி உந்தி ஏத்தினேன், மேல் தொட்டி 97க்குப் போச்சு. பக்கத்துல வந்த ஒரு ஜீப்புக்கார அண்ணன், அன்னைக்குச் சிரிச்சவரேதான், நிறுத்தச் சொல்லி "லோ போட்டு செகண்ட்ல விடுறா தம்பி, எஞ்சினைக் கொல்லாத" அப்படின்னார். ஃபோர் லோ, செகண்ட் கியர். எஞ்சின் சுத்து ஏறுச்சு, சத்தமும் ஏறுச்சு, சூடு இன்னும் ஏறும்னு பயந்தேன். பத்து நிமிஷத்துல 92க்கு இறங்கிருச்சு. எப்படின்னு புரியல.

அளவுகோல்

பம்பும் ஃபேனும் எஞ்சின் சுற்றோடு கட்டப்பட்டவை. லோவில் எஞ்சின் வேகமாகச் சுற்றும், காற்றும் தண்ணீரும் கூடும். ஒவ்வொரு சுற்றிலும் எரிக்கும் டீசல் குறையும். அந்த லோ கியரை வைத்ததே இதற்குத்தான். உங்கள் அளவில் மேல், கீழ் வித்தியாசம் எட்டு டிகிரி, ஆரோக்கியமாக இருக்கிறது. கரண்ட் ஃபேன் பணத்தை டயருக்கு எடுத்து வையுங்கள்.

வன்னி_லாண்ட்ரோவர்

சந்தோசம் தம்பி. சேத்துக்குள்ள ஓடிப்போட்டு வந்தால் கோரை எஞ்சின் பக்கத்தில இருந்து முன்னுக்குத் தண்ணி அடிச்சுக் கழுவுங்கோ, முன்னால இருந்து அடிச்சால் சேறு இன்னும் உள்ளுக்குப் போகும். பிரஷர் மெசினால கிட்டப் பிடிச்சு அடிக்கவேண்டாம், ஃபின் படுத்திடும். அந்த அட்டை மாதிரியை எறியாதேங்கோ, அளவைப் போட்டுவிடுங்கோ. இஞ்ச ஒராள் 540 வைச்சிருக்கிறார், கேட்டவர்.

போடிக்காரன்_540

அட்டை எங்கம்மா அடுப்பு பத்த வைக்க எடுத்துட்டாங்க அண்ணே. தகரத்தையே கழட்டி அளந்து நாளைக்குப் போடுறேன். இப்போ வேற ஒரு கேள்வி: சூடு நின்னதுல இருந்து கிளட்ச் ஹவுசிங் அடியில ரெண்டு சொட்டு ஆயில் தெரியுது. புது இழை தொடங்கவா, இல்ல இங்கயே கேக்கலாமா தாத்தா?